சம்பளச் சீட்டு ஒன்று, கடன் ஐந்து

மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7-ம் தேதிக்குள் கொடுத்துவிட வேண்டும் என்கிறது சட்டம். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் பல கம்பெனிகளில் சம்பளம் ஏறுவது அந்தக் கெடுவை ஒட்டித்தான். ஆனால் பைக் ஷோரூமிலோ போன் கடையிலோ மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் பைனான்ஸ் ஆள் தவணைத் தேதி என்று குறிப்பது பெரும்பாலும் 3 அல்லது 5. கணக்கில் பணம் இல்லாத நாளில் தவணை கேட்டு வரும், வெறுங்கையோடு திரும்பும். திரும்பியதற்கு வங்கி ஒரு கட்டணம் போடும். கடன் கொடுத்த கம்பெனி தன் பங்குக்கு இன்னொன்று போடும். கட்டணம் 500 ரூபாய் என்றால் 18 சதவீத ஜி.எஸ்.டி.யோடு 590. இரண்டு பக்கமும் சேர்ந்தால் ஆயிரத்தைத் தாண்டிவிடும். கடன் வாங்கியவர் ஊதாரியும் இல்லை, ஏமாற்றுக்காரரும் இல்லை. சம்பளம் இரண்டு நாள் பிந்தியது, அவ்வளவுதான்.

தவணைத் தேதியை மாற்றித் தரச் சொல்லி எழுதிக் கொடுத்தால் பல நிறுவனங்கள் மாற்றித் தருகின்றன. அப்படிக் கேட்கலாம் என்பதே பலருக்குத் தெரியாது.

இந்தத் தலைமுறையின் கடனைப் பற்றிப் பேச்செடுத்தாலே பெரியவர்கள் ஒரு பட்டியலோடு வருவார்கள்: ஐபோன், பிரியாணி ஆர்டர், கோவா ட்ரிப். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்ட நிதி நிலைத்தன்மை அறிக்கையின்படி, இந்தியக் குடும்பங்களின் மொத்தக் கடனில் பாதிக்கு மேல் வீட்டுக்கடன் அல்லாத சில்லறைக் கடன்கள்; அதிலும் பெரும்பகுதி நுகர்வுக்காக வாங்கியவை. 2024 பிப்ரவரியில் நாட்டில் புழங்கும் கிரெடிட் கார்டுகளின் எண்ணிக்கை 10 கோடியைத் தாண்டியது. அதற்கு முன்பே, 2023 நவம்பரில், அடமானம் இல்லாத நுகர்வுக் கடன் கொடுக்கும் வங்கிகள் அதற்காகக் கூடுதல் மூலதனம் ஒதுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கடிவாளம் போட்டிருந்தது.

ஆனால் தொழிற்சாலை வாசலில் நிற்கும் 24 வயதுக்காரரின் கடன் எல்லாம் அவர் ஆசைப்பட்டு வாங்கியது என்று நினைத்தால் கணக்கு தப்பும். அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவு, அக்காவின் வளைகாப்பு, தம்பியின் காலேஜ் ஃபீஸ், ஊரில் பாதியில் நிற்கும் வீட்டுக்கு சென்ட்ரிங் கம்பி என்று எல்லாம் அவர் பெயரில்தான் ஏறியிருக்கும். காரணம் எளிது. விவசாயக் கூலியான அப்பாவுக்கோ, தையல் தைக்கும் அம்மாவுக்கோ வங்கி கேட்கிற காகிதம் கிடையாது. மூன்று மாதச் சம்பளச் சீட்டும் ஆறு மாத வங்கிக் கணக்கு விவரமும் வீட்டிலேயே ஒருவரிடம்தான் இருக்கின்றன. குடும்பத்துக்கே அடமானம் அந்தச் சீட்டுதான்.

பெண்களுக்கு இது இன்னும் அழுத்தமாகப் பொருந்தும். இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண் தொழிலாளர்களில் நூற்றுக்கு 40 பேருக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். அவர்களில் கணிசமானோர் ஹாஸ்டலில் தங்கி, சம்பளத்தின் பெரும்பங்கை ஊருக்கு அனுப்புபவர்கள். தன் சம்பளத்தில் தானே சீட்டுக் கட்டி வாங்கிய அரைப் பவுன் கம்மல், அண்ணனின் ஆட்டோ டியூவுக்காக அடகுக் கடையில் இருக்கும்.

“மாப்ளே, உன் பேர்ல ஒரு லோன் போட்டுக் குடு, மாசாமாசம் கரெக்டா நான் கட்டிடறேன்” என்று மாமா கேட்டால் மறுக்கத் தெரியாது. ஜாமீன் கையெழுத்தும் அப்படித்தான். 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 128-வது பிரிவு, இதில் தெளிவாக இருக்கிறது: வேறு விதமாக எழுதிக்கொள்ளாத வரை, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ ஜாமீன் போட்டவருக்கும் அவ்வளவு பொறுப்பு. மாமா கட்டாமல் விட்டால் சிபில் ஸ்கோர் மருமகனுக்கும் சேர்த்துத்தான் இறங்கும்.

ஒரு மாதம், ஒரு கணக்கு

கணக்கை ஒரு மாதிரி வைத்துப் பார்க்கலாம். மொத்தச் சம்பளம் 21,000 ரூபாய் உள்ள ஒரு தொழிலாளி. பி.எஃப். 1,800, இ.எஸ்.ஐ. 158 பிடித்தது போக 19,042 ரூபாய் கைக்கு வருகிறது. வீட்டுக்கு 7,000. ரூம், மெஸ் 4,500. பைக் தவணை 3,200. இன்னும் பத்து மாதம் பாக்கி. போன் தவணை 1,750. நான்கு மாதம் பாக்கி. கூட வேலை செய்பவர்கள் நடத்தும் சீட்டு 2,000. கிரெடிட் கார்டில் 50,000 ரூபாய் நிலுவை. அதற்கு மினிமம் டியூ 2,500. கூட்டினால் 20,950 வருகிறது. சம்பளத்தை விட 1,908 ரூபாய் அதிகம். துண்டு விழும் அந்தத் தொகைக்கு ஒவ்வொரு மாதமும் பெட்ரோல் பங்கிலும் மளிகைக் கடையிலும் கார்டைத் தேய்க்கிறார்.

இப்போது கார்டுக்குள் நடப்பதைப் பாருங்கள். மாத வட்டி 3.5 சதவீதம், அதாவது ஆண்டுக்கு 42 சதவீதம், என்று வைத்துக்கொண்டால் 50,000-க்கு 1,750 ரூபாய். வட்டிக்கு ஜி.எஸ்.டி. 315. இரண்டும் சேர்ந்து 2,065. அவர் கட்டிய 2,500-ல் அசலுக்குப் போனது 435 ரூபாய் மட்டும். அதே மாதம் கார்டில் புதிதாக ஏறியது 1,908. ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டிக்கொண்டிருப்பவரின் கடன் மாதாமாதம் ஏறிக்கொண்டே போவது இப்படித்தான்.

புதிதாக ஒரு பைசாகூடத் தேய்க்காமல் மினிமம் டியூ மட்டும் கட்டினால்? ஐந்து சதவீதக் கணக்கில் ஒரு வருடத்தில் சுமார் 28,600 ரூபாய் கட்டியிருப்பார். நிலுவை 45,000-ல் நிற்கும். அதற்குப் பதில் மாதம் 5,000 என்று ஒரே அளவாகக் கட்டியிருந்தால் பதினான்காவது மாதம் கடன் தீர்ந்திருக்கும். இன்னொரு விஷயமும் உண்டு. நிலுவையை முழுதாகக் கட்டாமல் விட்ட அட்டைக்கு ‘45 நாள் வட்டியில்லாக் காலம்’ கிடையாது. புதிதாக வாங்கும் சோப்புக்கும் சேமியாவுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓட ஆரம்பித்துவிடும்.

கார்டு வட்டிக்கு ஒரு காலத்தில் வரம்பு வைக்கப் பார்த்தார்கள். தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல், ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வாங்குவது முறையற்ற வணிகம் என்று தீர்ப்பளித்தது. 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. ஆக, வரம்பு நம் கையில்தான்.

வட்டிக்குப் போட்ட வேஷங்கள்

கார்டாவது தன் வட்டியை எங்காவது ஒரு மூலையில் அச்சடித்துத் தருகிறது. மற்ற கடன்கள் வேஷம் கட்டிக்கொண்டு வருகின்றன.

‘வெறும் 12 பர்சென்ட்தான் சார்’ என்று சொல்லிக் கொடுக்கப்படும் பல வண்டிக் கடன்கள், பைனான்ஸ் கடன்கள் ஃபிளாட் வட்டி. ஒரு லட்சம் ரூபாய், இரண்டு வருடம், 12 சதவீதம் ஃபிளாட் என்றால் வட்டி 24,000. மாதத் தவணை 5,167. இதில் என்ன சூது? மாதாமாதம் அசலைத் திருப்பிக் கட்டிக்கொண்டே வருகிறீர்கள். கடைசி மாதத்தில் உங்களிடம் இருப்பது ஐயாயிரம் சொச்சம். வட்டி மட்டும் கடைசி வரை முழு ஒரு லட்சத்துக்கே போடப்படுகிறது. குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் உண்மையான வட்டி ஆண்டுக்கு ஏறத்தாழ 21.6 சதவீதம்.

‘நோ காஸ்ட் இ.எம்.ஐ.’ அடுத்த வேஷம். பூஜ்ய வட்டி என்று ஒன்றே கிடையாது என்று 2013 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. வட்டியைக் கடைக்காரர் கொடுக்கும் தள்ளுபடியில் கழித்துவிடுவார்கள், இல்லையென்றால் விலையிலேயே ஏற்றிவிடுவார்கள். புராசஸிங் கட்டணமும் வட்டிக்கான ஜி.எஸ்.டி.யும் தனி. ரொக்கமாகக் கொடுத்தால் என்ன விலை என்று ஒரு வார்த்தை கேட்டுப் பார்த்தால் வட்டி வெளியே வந்துவிடும்.

ஆப் கடன்களின் கதையைத் தமிழ்நாடு ஊரடங்குக் காலத்தில் பார்த்துவிட்டது. 5,000 ரூபாய் கடன் என்பார்கள். கட்டணம் பிடித்தது போக மூவாயிரத்துச் சொச்சம் கைக்கு வரும். ஏழே நாளில் 5,000 கட்ட வேண்டும். கட்டாவிட்டால் போனில் இருக்கும் அத்தனை எண்களுக்கும் ஆபாசமாக வெட்டி ஒட்டிய படம் போகும். இப்படிப்பட்ட ஒரு வழக்கில் 2021 ஜனவரியில் சென்னைப் போலீஸ் கைது செய்தவர்களில் இரண்டு சீனர்களும் இருந்தார்கள். அதன்பிறகு விதிகள் இறுகின. 2022 செப்டம்பரில் வந்த ரிசர்வ் வங்கி விதிகளின்படி, கடன் தொகை நேராக வாங்குபவரின் வங்கிக் கணக்குக்கே வர வேண்டும். ஆண்டு வட்டி எல்லாக் கட்டணங்களும் சேர்த்துச் சொல்லப்பட வேண்டும். வேண்டாம் என்று தோன்றினால் குறிப்பிட்ட காலத்துக்குள் அபராதமின்றித் திருப்பிக் கொடுத்துவிடலாம். போனில் உள்ள எண்களையும் கோப்புகளையும் ஆப் தொடக் கூடாது. 2024 அக்டோபர் 1 முதல் எல்லாத் தனிநபர் கடன்களுக்கும், புரிகிற மொழியில், முக்கிய விவர அறிக்கை கொடுத்தாக வேண்டும். அந்தத் தாளில் பார்க்க வேண்டியது ஒரே வரி: கட்டணங்கள் உட்பட ஆண்டுக்கு மொத்த வட்டி எத்தனை சதவீதம்.

வசூலுக்கு வருபவர்களுக்கும் எல்லை இருக்கிறது. காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் போன் செய்யக் கூடாது. சொந்தக்காரர்களையும் நண்பர்களையும் அழைத்து அவமானப்படுத்தக் கூடாது. மீறினால் முதலில் கடன் கொடுத்த நிறுவனத்திடம் எழுத்தில் புகார், 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர், தகவலுக்கு 14448. மிரட்டல், போலி ஆப் என்றால் சைபர் குற்றப் பிரிவின் 1930. கந்துவட்டிக்கு 2003-லேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் உண்டு. வலுக்கட்டாய வசூலைத் தடுக்க 2025-ல் இன்னொரு சட்டமும் வந்திருக்கிறது. மீட்டர் வட்டிக்காரர் இதையெல்லாம் படித்துவிட்டு வருவதில்லை என்பது வேறு விஷயம்.

எதை முதலில் அடைப்பது?

நமது மாதிரித் தொழிலாளியின் பட்டியலில் ஐந்தாவதாக ஒன்று சொல்லாமல் விட்டிருந்தோம்: சித்தப்பாவிடம் வாங்கிய 15,000 ரூபாய் கைமாற்று. வட்டி கிடையாது. ஆனால் போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது சித்தப்பா முகம் கொடுத்துப் பேசவில்லை. நம்மில் பலர் முதலில் அடைக்க நினைப்பது இந்தக் கடனைத்தான். மானம் போகிற கடன் முதலில், வட்டி போகிற கடன் அப்புறம். கணக்குப் புத்தகத்தின்படி இது தலைகீழ். 42 சதவீதக் கார்டை வைத்துக்கொண்டு வட்டியில்லாக் கடனை அடைப்பது நஷ்டம். என்றாலும் சித்தப்பாவிடம் நேரில் போய், “கார்டு கடன் முடியட்டும் சித்தப்பா, அடுத்த சித்திரைக்கு மேல மாசம் ரெண்டாயிரம் குடுத்துடறேன்” என்று கெடு சொல்லிவிட்டு வருவது தேவை. வட்டி இல்லாவிட்டாலும் உறவுக்குத் தவணைத் தேதி உண்டு.

நிபுணர்கள் இரண்டு வழி சொல்வார்கள். அதிக வட்டியுள்ள கடனை முதலில் அடைப்பது ஒன்று. சின்னக் கடனை முதலில் முடித்து, தவணைகளின் எண்ணிக்கையைக் குறைப்பது இன்னொன்று. முதல் வழியில் பணம் மிச்சமாகும். இரண்டாவதில் தெம்பு வரும். இளைஞர்களின் பட்டியலில் பெரும்பாலும் கார்டும் ஆப்பும்தான் வட்டியில் உச்சத்தில் இருக்கும் என்பதால் வாதத்துக்கே அவசியமில்லை. முதல் அடி அங்கேதான் விழ வேண்டும்.

ஆனால் எதை வைத்து அடிப்பது? மாதம் துண்டு விழுகிறவரிடம் ‘கூடுதலாக 2,500 கட்டு’ என்பது பசித்தவனிடம் பந்தியைப் பற்றிப் பேசுவது போல. இந்த இடத்தில்தான் தமிழ்நாட்டு வீடுகளில் பெட்டிக்குள் இருக்கும் நகை உதவிக்கு வருகிறது. வங்கியில் நகையை வைத்து 50,000 ரூபாய் வாங்கி, கார்டை ஒரே நாளில் அடைத்துவிட்டால் 42 சதவீதக் கடன் ஆண்டுக்கு 12 சதவீதக் கடனாகிவிடும். மாத வட்டி 2,065-லிருந்து 500-க்கு இறங்கும். நகைக்கடனுக்கு மாதம் 600 மட்டும் கட்டினால் செலவுக் கணக்கு 19,050-ல் நிற்கும். சம்பளத்துக்குள் கிட்டத்தட்ட அடங்கிவிடுகிறது. நான்கு மாதத்தில் போன் தவணை முடிந்ததும் அந்த 1,750 நகைக்குப் போகிறது. பத்தாவது மாதம் பைக் முடிந்ததும் அந்த 3,200-ம் நகைக்கே. இப்படிப் போனால் பதினெட்டாவது மாதம் நகை வீட்டுக்கு வந்துவிடும். சம்பளம் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை, வீட்டுக்கு அனுப்புவதும் குறையவில்லை.

இதில் இரண்டு கண்ணிகள் உண்டு. கார்டை அடைத்த மறுமாதமே அதைத் திரும்பத் தேய்க்க ஆரம்பித்தால் கார்டுக் கடனும் இருக்கும், நகைக்கடனும் இருக்கும்; முன்பைவிட மோசம். அட்டையை மூடச் சொல்லி எழுதிக் கொடுத்துவிடுவதே நல்லது. நிலுவை இல்லாத அட்டையை ஏழு வேலைநாட்களுக்குள் மூடாவிட்டால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. இரண்டாவது கண்ணி, நகைக்கடனை வருடா வருடம் ‘திருப்பி வைக்கும்’ பழக்கம். வட்டியை மட்டும் கட்டி, விலை ஏறியதற்கேற்பக் கூடுதலாக ஐந்து பத்து வாங்கிக்கொண்டு வருவது. 2026 ஏப்ரல் முதல் பொருந்தும் விதிகளின்படி, 2.5 லட்சம் வரையிலான நகைக்கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை கொடுக்கலாம், முன்பு 75. அதிகம் கிடைக்கிறது என்பதற்காக அதிகம் வாங்கிவிட்டால் மீட்பது கனவாகிவிடும். 2021-ல் கூட்டுறவு வங்கிகளில் 5 பவுன் வரையிலான நகைக்கடன் தள்ளுபடியானது உண்மைதான். அடுத்த தேர்தலுக்கும் அப்படி ஒன்று வரும் என்று வட்டி கட்டாமல் காத்திருப்பது திட்டமாகாது.

‘செட்டில்மென்ட்’ பண்ணித் தருகிறோம், பாதி கட்டினால் போதும் என்று அழைப்புகள் வரும். பாதி கட்டி முடித்த கடன் சிபில் அறிக்கையில் ‘செட்டில்டு’ என்று நிற்கும். ‘குளோஸ்டு’ என்று நிற்காது. நாளைக்கு வீட்டுக்கடனுக்குப் போகும்போது முதலில் கண்ணில் படுவது அந்த வார்த்தைதான். வேறு வழியே இல்லாதவர்களுக்கு அது ஒரு வழி. அவசரத்துக்கு எடுக்கும் குறுக்கு வழியல்ல. நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பதால், நம் பெயரில் யார் எந்தக் கடனைப் போட்டிருக்கிறார்கள் என்று வருடத்துக்கு நான்கு முறை காசில்லாமல் பார்க்கலாம். மாமாவின் லோன் எந்த நிலையில் இருக்கிறது என்பதும் அதில் தெரியும்.

கல்விக்கடன் வைத்திருக்கும் பொறியியல் பட்டதாரிகள் அதை அடைக்க அவசரப்பட வேண்டியதில்லை. பட்டியலில் வட்டி குறைந்த கடன் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். தவணை தவறாமல் கட்டினால் போதும். கையில் வரும் உபரி முதலில் கார்டுக்கும் பெர்சனல் லோனுக்கும் போகட்டும். பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குக் கல்விக்கடன் வட்டிக்கு எட்டு ஆண்டு வரை வருமான வரிக் கழிவும் உண்டு.

கடன் இருக்கும்போது சேமிப்பதா?

42 சதவீதம் வட்டி கட்டுகிறவர் 6.7 சதவீத ஆர்.டி. போடுவது முட்டாள்தனம் என்று காகிதத்தில் நிரூபித்துவிடலாம். ஆனால் கையில் ஐயாயிரம் ரூபாய்கூட இல்லாதவர், அம்மாவுக்குக் காய்ச்சல் என்றதும் திரும்பக் கார்டிடம்தான் போவார். அதனால் ஒரு மாத ரூம் வாடகையும் மெஸ் பணமும் மட்டும் தனிக் கணக்கில், ஜிபே இணைக்காத கணக்கில், ஒதுக்கி வைத்துவிட்டு மிச்சத்தையெல்லாம் கடன் மேல் போடுவதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். கடன் முடிந்ததும் தவணை கட்டிய அதே தொகையை அதே தேதியில் சேமிப்புக்குத் திருப்பிவிட வேண்டும். ஒரு மாதம் விட்டால் கை செலவுக்குப் பழகிவிடும்.

அம்மாவின் காய்ச்சல் என்றதும் சொல்ல வேண்டிய ஒன்று இ.எஸ்.ஐ. மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்களுக்குச் சம்பளத்தில் முக்கால் சதவீதம் பிடிக்கிறார்கள், முதலாளி 3.25 சதவீதம் போடுகிறார். மகனையோ மகளையோ நம்பி இருக்கும் பெற்றோருக்கும் அதில் சிகிச்சை உண்டு. சென்னை கே.கே. நகரிலும் கோவையிலும் மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த இ.எஸ்.ஐ. மருத்துவமனைகளே இருக்கின்றன. உடம்பு சரியில்லாமல் விடுப்பெடுத்தால் ஆண்டுக்கு 91 நாள் வரை 70 சதவீதக் கூலியும் கிடைக்கும். இருந்தும், பெற்றோர் பெயரை அட்டையில் சேர்க்காததால் தனியார் மருத்துவமனையில் லட்சக்கணக்கில் கட்டிவிட்டு வட்டிக்கு அலைகிற குடும்பங்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. ‘கூட்டமா இருக்கும், மாத்திரை சரியில்ல’ என்ற புகாரில் நியாயம் உண்டு. அறுவை சிகிச்சை அளவுக்குப் போகும்போது அந்தக் கூட்டத்தில் நிற்பது மூன்று வருடத் தவணையை மிச்சப்படுத்தும்.

சேமிப்பு என்றால் நம் ஊரில் சீட்டுதான். 20 பேர், ஆளுக்கு 5,000, ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு. மூன்றாவது மாதம் 25,000 தள்ளி எடுப்பவர் கையில் 75,000-தான் வரும்; அவருக்கு அது கடன். கடைசியில் எடுப்பவருக்கு அதுவே சேமிப்பு. எதற்காகக் கட்டுகிறோம் என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளாதவர்கள், யாரோ ‘இந்த மாசம் தள்ளு கம்மி’ என்றதும் எடுத்துவிட்டு மிச்ச மாதங்களில் திணறுவார்கள். 1982-ம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்த சீட்டில், நடத்துபவர் எடுக்கக்கூடிய கமிஷன் 7 சதவீதம். தகராறு என்றால் சீட்டுப் பதிவாளரிடம் போகலாம். கேன்டீனில் நடக்கும் சீட்டுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அதன் ஒரே உத்தரவாதம், நடத்துகிற அக்கா நாளைக்கும் அதே ஷிப்டுக்கு வருவார் என்பது. ஒப்பந்த வேலைகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறும் இடத்தில் அது போதாது.

நகைக்கடைச் சீட்டு ஏன் 11 மாதத்தில் முடிகிறது? பொருளுக்காக வாங்கிய முன்பணத்தை 365 நாளுக்குள் பொருளாகக் கொடுத்துவிட்டால், கம்பெனி விதிகளின்படி அது டெபாசிட்டில் சேராது. ஆகவே 11 மாதம். டெபாசிட் இல்லை என்பதால் டெபாசிட்டுக்கு உள்ள காவலும் அதற்கு இல்லை. வங்கியில் போடும் பணத்துக்கு 5 லட்சம் வரை காப்பீடு இருக்கிறது. அஞ்சலகத்தில் மாதம் 100 ரூபாயிலிருந்து ஆர்.டி. போடலாம், 6.7 சதவீத வட்டியில் மாதம் 1,000 போட்டால் ஐந்து வருடத்தில் 71,000 ரூபாய்க்கு மேல் வரும். பரபரப்பான வருமானம் இல்லை.

பரபரப்பைத் தேடிப் போனவர்களின் கதையும் நம்மிடம் இருக்கிறது. மாதம் 25 முதல் 30 சதவீதம் வட்டி என்ற ஆருத்ரா நிறுவனத்தில் சுமார் ஒரு லட்சம் பேர் 2,400 கோடி ரூபாய்க்கு மேல் போட்டிருந்தார்கள். 2022-ல் பொருளாதாரக் குற்றப் பிரிவு வழக்குப் பதிந்தது. கடன் வாங்கிப் போட்டவர்களும் அதில் உண்டு. வட்டி கட்டி நொந்தவருக்குத்தான் ‘ஒரே அடியில் எல்லாத்தையும் முடிச்சிடலாம்’ என்ற பேச்சு சீக்கிரம் பிடிக்கும். பங்குச் சந்தையின் எஃப் அண்டு ஓ எனப்படும் முன்பேர வணிகமும் அப்படித்தான். செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, மூன்று ஆண்டுகளில் அதில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். இப்படி இறங்கியவர்களில் 30 வயதுக்குட்பட்டவர்களின் பங்கு ஒரே ஆண்டில் 31-லிருந்து 43 சதவீதமாக ஏறியிருந்தது. யூடியூப்பில் பாடம் எடுப்பவர்கள் இந்த எண்களைச் சொல்வதில்லை.

புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் ஆடி மாதத்தில் நடக்கும் மொய் விருந்தையும் இந்த வரிசையில் வைக்கலாம். ஊரே கூடி வட்டியில்லாமல் ஒருவருக்கு மொத்தத் தொகை திரட்டிக் கொடுக்கிறது. நோட்டில் எழுதிவைத்து, முறை வரும்போது கூடுதலாகத் திருப்பிச் செய்வார்கள். அற்புதமான ஏற்பாடுதான். ஆனால் சென்னையில் வேலை பார்க்கும் மகனுக்கு அப்பாவின் மொய் நோட்டும் ஒரு கடன் பட்டியல். ஆடி பிறந்தால் அவர் பட்ஜெட்டில் அதற்கென்று ஒரு வரி வேண்டும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய சேமிப்பு, பலர் எட்டிக்கூடப் பார்க்காமல் கிடக்கும் பி.எஃப். 15,000 ரூபாய்க்குப் பிடித்தம் என்றால் தொழிலாளியின் 1,800-ம், முதலாளி பங்கில் ஓய்வூதியத்துக்குப் போன 1,250 போக மீதி 550-ம் சேர்ந்து மாதம் 2,350 கணக்கில் ஏறுகிறது. 2024-25-க்கு வட்டி 8.25 சதவீதம். இதே வட்டி நீடித்தால் பத்து ஆண்டில் நாலே கால் லட்சத்தைத் தாண்டும். வேலை மாறும் ஒவ்வொரு முறையும் அதை எடுத்துச் செலவழித்துவிடுவது இளம் தொழிலாளர்களின் வழக்கமாகிவிட்டது. ஐந்து வருடப் பணி முடியாமல் 50,000 ரூபாய்க்கு மேல் எடுத்தால் வரிப் பிடித்தமும் உண்டு. எடுக்காமல் யு.ஏ.என். எண் வழியாகப் புதுக் கம்பெனிக்கு மாற்றுவதே சரி. அங்கேதான் தமிழர்களுக்கென்றே ஒரு சிக்கல் வரும். ஆதாரில் இனிஷியல் பெயருக்குப் பின்னால், பி.எஃப்.பில் முன்னால்; ஒன்றில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும், இன்னொன்றில் ஒற்றை எழுத்து. பொருந்தவில்லை என்று விண்ணப்பம் திரும்பி வரும். இதைத் திருத்தப் பல நேரங்களில் வேலை கொடுத்த நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டியிருக்கிறது. ஒப்பந்ததாரர் கடையை மூடிக்கொண்டு போனபின் அவரைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. வேலையில் இருக்கும்போதே, எச்.ஆர். எதிர் அறையில் உட்கார்ந்திருக்கும்போதே, ஒரு மதிய இடைவேளையில் ஆதாரையும் பி.எஃப். விவரத்தையும் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து சரிபார்த்துக்கொண்டால் அந்த அலைச்சல் வராது. இருப்பு எவ்வளவு என்று பார்க்க, பதிவு செய்த போனிலிருந்து 9966044425-க்கு ஒரு மிஸ்டு கால் போதும்.